உப்பும் வெயிலும்தான்

இங்கன உக்காருங்க தங்கச்சி, நான் நகந்துக்கிடுதேன். பையக் கீழ வைக்காதிய, இப்பதான் தரையத் துடைச்சுட்டுப் போறாவ, ஈரமா இருக்கு. உள்ள யாரு, மருமவளா? ஓ, மவளா. எனக்கும் மவதான். விடியக்காலம் வலி எடுத்துட்டு, அடிச்சுப் பிடிச்சுக் கொண்டாந்து சேத்தாச்சு. உள்ள என் மவ இருக்கா. பக்கத்துல அவ கையப் பிடிச்சுக்கிட்டு மாமியாக்காரி இருக்கா. பெத்தவ நான் வெளிய பெஞ்சுல உக்காந்து உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கேன். கேக்கவே நல்லா இருக்கா?

சொல்லுதேன். இங்க வந்து உக்காந்துட்டா நமக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்.

என் பேரு ராசகனி. ஊரு இதே தூத்துக்குடிதான். பொறந்தது, வளந்தது, வாக்கப்பட்டது எல்லாம் இங்கனக்குள்ளதான். மவ பேரு வள்ளிமயிலு, ஒத்தப் பிள்ளை. மெட்ராஸ்ல குடுத்தோம். சம்பந்தகாரி பேரு சுகந்தி. முகத்துக்கு நேர மைனின்னு கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னால எப்படிக் கூப்பிடுவேன்னு உங்களுக்கே தெரியும், நீங்களும் பொண்ணு குடுத்தவதானே.

பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் நடந்துக்கிட்ட மரியாதைய நீங்க பாத்திருக்கணும். மெட்ராஸ்காரவிய வந்திருக்காவ, நாம பெரிய இவ மாதிரி நிக்கக் கூடாதுல்லா. "எங்க ஊர்ல என்ன மைனி இருக்கு, உப்பும் வெயிலும்தான். நல்ல தண்ணிக்கு லாரி வரணும். புதுசா பீரோ வாங்கிப் போட்டா உப்புக் காத்துல ஒரே வருசத்துல துருப்பிடிச்சுரும். எம்பிள்ளையாச்சும் இந்த ஊரை விட்டுத் தப்பிச்சு உங்ககிட்ட வரட்டும்"னு சொன்னேன். பொண்ணு வீட்டுக்காரவிய தணிஞ்சுதானே பேசணும். அது ஒரு பேச்சுக்குச் சொல்லுதது, எல்லாரும் சொல்லுததுதான். வீட்டுலயும் நான் நாளும் பொழுதும் அதத்தான் சொல்லுவேன், எங்க வீட்டுக்காரவியளுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அது வேற விசயம்.

கல்யாணம் இங்கனதான் நடந்துச்சு. பந்தியில பாயாசம் எல்லா இலைக்கும் வருதான்னு பாத்துக்கிட்டே வாறேன், சம்பந்தகாரி பக்கத்துல இருக்கவகிட்ட சொல்லுதா: "இந்த ஊர்ல என்ன இருக்கு, உப்பும் வெயிலும்தான்." எங்க உப்பப் போட்டு ஆக்கின சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொல்லுதா தங்கச்சி. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாவ. அவளுக்கு ஒரு பந்தி முடியுத வரைக்கும்கூட நினைப்பு நிக்கல.

அதோட விட்டாளா. மறுநாளு மறுவீட்டு விருந்து. சம்பந்தகாரவியளுக்குன்னு சீலா மீனு, முழு மீனா வாங்கி ஐஸ்ல போட்டு வச்சிருக்கேன். கல்யாணத்தன்னைக்குச் சாயங்கால ரயிலுக்கே கிளம்பிட்டாவ. வெயிலு தாங்கலயாம், தலைய வலிக்காம். பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் இருந்து தின்னாவ. தெருவெல்லாம் குடுத்தும் அந்த மீனு தீரல. அன்னைக்கு மனசுல வச்சேன். நான் ஒண்ண மனசுல வச்சேன்னா அது ஊறுகா மாதிரி, நாளாக நாளாகத்தான் ஏறும்.

பொறவு மவ முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. வளைகாப்பப் போட்டுக் கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு சீரு செனத்தியெல்லாம் கட்டிக்கிட்டு மெட்ராஸ் போனோம். ரெண்டு கையிலயும் வளையலு அடுக்கியாச்சு, கலந்த சோறு பரிமாறியாச்சு. அப்ப அத்தன சனத்துக்கும் நடுவுல வச்சுச் சுகந்தி சொல்லுதா, "பிரசவம் இங்கயே இருக்கட்டும் அண்ணி. அந்த ஊர்ல என்ன வசதி இருக்கப் போகுது." நாங்க மைனிம்போம், அவ அண்ணிம்பா. கூப்பிடுதது அண்ணி, செய்யுதது இது. தலைப்பிரசவம் தாய் வீட்டுலங்கது நானா போட்ட சட்டம்? உலகம் தோணுன நாள்லேர்ந்து இருக்கு.

என் மவ என்ன செஞ்சா தெரியுமா? வளையலப் பாத்துக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருக்கா. நான் எங்கம்மா வீட்டுக்குத்தான் போவேன்னு ஒரு வார்த்த வரணும்லா வாயிலேர்ந்து? அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயிக் கேட்டேன். "நீதானம்மா சின்னப் பிள்ளைலேர்ந்து சொல்லுவ, இந்த ஊர்ல என்னட்டி இருக்கு, எங்கனயாவது போயிப் பொழச்சுக்கோன்னு"ங்கா. பொழைக்கப் போறதுக்குச் சொன்னதப் பிள்ளை பெறதுக்கு எடுத்துச் சொல்லுதா. மாமியாக்காரி ஏத்திவிட்டிருக்கா, வேற யாரு.

அன்னைக்கு முடிவு கட்டினேன். என் பேரப்பிள்ளை இந்த ஊர்லதான் பொறக்கணும். ஏன்னு கேளுங்க. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா, பொறந்த ஊரு எதுன்னு கேப்பாவ. பாஸ்போட்டு எடுக்கப் போனா கேப்பாவ. ஜாதகம் எழுதப் போனாலும் கேப்பாவ. அத்தனையிலயும் தூத்துக்குடி, தூத்துக்குடின்னுதான் போடணும். அந்தப் பொம்பள தன் கையாலயே எழுதணும். அவ பேரப்பிள்ளை கிழடு தட்டினாலும் அது அழியாது. மெட்ராஸ்காரியப் பழி வாங்க இதவிட ஒரு வழி உண்டா, சொல்லுங்க.

சபையில வச்சே சவால் விட்டேன். "மைனி, நீங்க எங்க ஊருக்கு ஒரு நாள் வாங்க. நான் சுத்திக் காட்டுதேன். பாத்துட்டும் அங்க ஒண்ணும் இல்லன்னு உங்க வாயால சொன்னியன்னா, பிரசவம் இங்கனயே நடக்கட்டும், நான் வாயத் திறக்க மாட்டேன்." அவளும் சரின்னுட்டா. அடுத்த வாரமே என் மவளையும் கூட்டிக்கிட்டு வாறேன்னா. திரும்பிப் போவ ரெண்டு பேருக்கும் டிக்கெட்டும் எடுத்துட்டா. அவ்வளவு தைரியம்.

சவால விட்டுட்டேனே ஒழிய, வீட்டுக்கு வந்து யோசிச்சா ஒண்ணும் ஓடல. என்னத்தக் காட்ட? எனக்கு மார்க்கெட்டு தெரியும், ரேஷன் கடை தெரியும், பஸ்டாண்டு தெரியும். கடல்னா அது பாட்டுக்கு அங்கன கிடக்குன்னு தெரியும். எங்க வீட்டுக்காரவிய லாரி ஆபீஸ்ல கணக்குப் பாத்தவிய, ஊரு சுத்தினவிய. அவியகிட்ட கேட்டேன். பேப்பரக் கீழ வச்சுட்டுச் சிரிக்காவ. "இந்த ஊர்ல ஒண்ணும் இல்லன்னு இத்தன வருசமா என்னைய வறுத்தெடுத்தது யாரு ராசகனி?" எந்த நேரத்துல எதப் பேசணும்னு இந்த மனுசனுக்கு என்னைக்குமே தெரியாது.

கடைசியில எங்க தெருமுக்கு ஆட்டோக்காரன் கில்பட்டுதான் கை குடுத்தான். விசயத்தச் சொன்னேன். "விடுங்கக்கா, அந்தம்மாவ வாயப் பொளக்க வச்சிருதேன். விடியுததுக்கு முந்தி ரெடியா நில்லுங்க"ன்னான். மவளுக்கு ஆட்டோ குலுக்கும்னு வீட்டுல விட்டுட்டு, நானும் அவளும் மட்டும் கிளம்பினோம். உங்ககிட்ட சொன்னா என்ன, அவளுக்கு ஊரு பிடிக்கவும் வேணும், அவ கொஞ்சம் சீரழியவும் வேணும். எனக்கு ரெண்டும் வேணும். அதனால நல்ல சேலையாக் கட்டிட்டு வாங்க மைனின்னு சொல்லிவச்சிருந்தேன்.

முதல்ல திரேஸ்புரம். நாட்டுப் படகு கரைக்கு வந்து மீனு இறங்குத நேரம். மீன் தண்ணி காலுக்கடியில ஓடுது, ஏலம் போடுதவன் தொண்டை கிழியக் கத்துதான், கூட்டம் இடிக்குது. இப்ப மூக்கப் பொத்துவா, இப்ப ஆட்டோவுல ஏறுவான்னு நான் பாத்துக்கிட்டே நிக்கேன். அவ சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள போயிட்டா. நான்தான் மூக்கப் பொத்திக்கிட்டு நின்னேன். அப்ப படகுக்குப் பின்னால சூரியன் எழும்பிச்சு. கடலுக்குள்ளேர்ந்து அப்படியே சொட்டச் சொட்ட வருது தங்கச்சி. நான் அத காலண்டருலதான் பாத்திருக்கேன். இந்த ஊர்ல பொறந்து, பேரப்பிள்ளை எடுக்கப் போற வயசுல, அதுவும் ஒருத்திமேல உள்ள கோவத்துல வந்து பாக்க வேண்டியிருந்துச்சு.

அடுத்தால கில்பட்டு உப்பளத்துக்கு விட்டான். எனக்கு இஷ்டமே இல்ல. "வேண்டாம் கில்பட்டு, அங்க என்னப்பா இருக்கு"ன்னேன். அவன் எங்க கேட்டான்.

இறங்கினா, எம்மா, அத என்னன்னு சொல்ல. பாத்தி பாத்தியாத் தண்ணி. ஒண்ணுல வானம் கிடக்கு. ஒண்ணு ரோஸ் கலரு. அதுக்கு அங்குட்டு கண்ணு கூசுத மாதிரி உப்புக் குமிச்சு வச்சிருக்கு, வரிசையா, கண்ணுக்கு எட்டுத மட்டும். இந்த வழியா பஸ்ஸுல எத்தனையோ தடவ போயிருக்கேன். ஜன்னல இழுத்துச் சாத்திக்கிடுவேன். கேட்டா வெயிலும்பேன். வெயிலு மட்டும் இல்ல. நீங்க யாரோ நான் யாரோ, சொல்லுததுல என்ன. எங்கப்பா இந்த அளத்துல உப்பு வாருனவரு. சம்பந்தகாரவியளுக்கு அது தெரியாது. உப்பு யாவாரம்னு சொல்லிவச்சிருந்தோம். பொய்யின்னு சொல்ல முடியாது, உப்புதானே.

வரப்புல சட்டியத் தூக்கிக்கிட்டு வந்த ஒரு கிழவி என்னையவே பாக்கா. "ஏட்டி, நீ சுடலைமுத்து அண்ணாச்சி மவ ராசகனிதானே? உங்கப்பா வாருன பாத்தி அன்னா கிடக்கு பாரு"ன்னு கையக் காட்டுதா. பேச்சித்தாயி. எங்கப்பாகூட வேலை பாத்தவ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. மானம் கப்பலேறிப் போச்சுன்னு நினைச்சேன். சுகந்தி மெதுவாத் திரும்பி என்னையப் பாத்தா. "உங்க அப்பா இங்கயா வேலை பார்த்தாரு? சொல்லவே இல்லையே அண்ணி"ன்னா.

அவ என்ன செஞ்சா தெரியுமா? செருப்பக் கழட்டி வரப்புல வச்சா. இறங்கிப் போயி, எங்கப்பா பாத்திக் கரையில குனிஞ்சு, ஒரு சிட்டிகை எடுத்து வாயில போட்டா. போட்டுட்டுச் சொல்லுதா, "எங்க தாத்தாவும் இந்தப் பக்கத்துலேர்ந்து மெட்ராஸ் போனவர்தான். அங்க வர்றதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தார்னு எங்க வீட்ல யாரும் வாயத் திறந்ததில்ல."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்கப்பா உப்ப எனக்கு முந்தி அவ எடுத்து வாயில போடுதாளே. நானும் விறுவிறுன்னு இறங்கிப் போயி ஒரு கை நிறைய அள்ளினேன். சுருக்குன்னு கையக் கடிச்சுச்சு. எங்கப்பா கை ஞாபகம் வந்துட்டு. எப்பவும் வெடிச்சு, வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்தக் கையாலதான் எனக்குச் சோறு ஊட்டுவாரு. அதுல உப்பு தனியாப் போடவே வேண்டாம்னு எங்கம்மா கேலி பேசுவா. இந்த ஊருதான் தங்கச்சி எனக்கு எல்லாம் குடுத்துச்சு. சோறு, தண்ணி, புருசன், பிள்ளை, எல்லாம் இந்த உப்புலேர்ந்துதான் வந்துச்சு. அதுக்கு ஒரு கும்பிடுகூட நான் போட்டதில்ல. அங்கன நின்னுக்கிட்டு அழுகை முட்டிக்கிட்டு வருது. அவ முன்னால அழுவேனா நான்? கண்ணுல உப்புத் தெறிச்சுட்டுன்னு சொல்லி முந்தானையால துடைச்சுக்கிட்டேன். எல்லாம் அவளால வந்தது.

மத்தியானம் வீட்டுல சீலா மீன் குழம்பு. அன்னைக்கு வேண்டாம்னு ரயிலேறினவ, குழம்ப மறுபடி மறுபடி ஊத்தச் சொல்லித் தின்னா. சாயங்காலம் பனிமய மாதா கோயிலுக்குப் போனோம். நாங்க முருகனக் கும்பிடுதவிய, ஆனா மாதா திருவிழாவுக்குப் போவாதவிய இந்த ஊர்ல யாரு. போற வழியில முந்திரி மக்ரூன் வாங்கிக் குடுத்தான் கில்பட்டு, வாயில வச்சதும் கரைஞ்சு போச்சுன்னு அவ பொட்டலத்தத் தடவித் தடவிப் பாக்கா. கடைசியா கடற்கரை. காத்துன்னா அப்படி ஒரு காத்து.

அங்கன உக்காந்துக்கிட்டு ஆரம்பிச்சா. "இவ்வளவு இருக்கே அண்ணி. பொண்ணு பார்க்க வந்தப்ப ஏன் உப்பும் வெயிலும்தான்னு சொன்னீங்க? நீங்க சொன்னதத்தானே நான் திருப்பிச் சொன்னேன்."

வந்துச்சு பாருங்க எனக்கு. "என் பிள்ளைய நான் மூதி, சவம்னு ஆயிரம் ஏசுவேன் மைனி. அதக் கேட்டுட்டு நீங்க ஏசலாமா?"

மடியில இருந்த மக்ரூன் பொட்டலத்த மடிச்சுப் பையில வச்சா. பொறவு, "எனக்கு அது தெரியல. ஏசறதுக்காவது உங்களுக்கு ஒரு ஊரு இருக்கு. எனக்கு மூணாவது மாடிதான் இருக்கு"ன்னா. அவ வீட்டுக்காரரு போயிச் சேந்துட்டாரு. மவனும் என் மவளும் வேலைக்குப் போயிட்டா பகலெல்லாம் ஒத்தையில கிடப்பா, டி.வி.தான் துணை. அது வேற விசயம்.

வீட்டுக்கு வந்ததும் பையத் திறந்து டிக்கெட்டை எடுத்து எங்க வீட்டுக்காரவியட்ட குடுத்தா. "அண்ணா, கேன்சல் பண்ணிடுங்க. பிரசவம் இங்கேயே நடக்கட்டும்." ஜெயிச்சுட்டேன் தங்கச்சி. அடுப்படிக்குள்ள போயி நின்னு ஒத்தையில சிரிச்சேன். அப்ப வெளிய சொல்லுதா, "ரெண்டு டிக்கெட்டையும் பண்ணிடுங்கண்ணா. நானும் இருக்கேன்."

அன்னையிலேர்ந்து இங்கனதான் இருக்கா. காலையில எந்திரிச்சா கில்பட்டு ஆட்டோவுல திரேஸ்புரம். மீன்காரிகிட்ட, "இது நேத்து மீனுல்லா"ன்னு எங்க பேச்சுலயே சண்டை பிடிக்கா. மக்ரூன் அடுப்புலேர்ந்து எப்ப இறங்கும்னு அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பேச்சித்தாயிக்குக் காலு வலின்னு தைலம் வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கா, எங்கப்பாவப் பத்திக் கதையெல்லாம் கேட்டுட்டு வந்து என்கிட்டயே சொல்லுதா. தெருவுல எல்லாரும் மெட்ராஸ் அக்கா, மெட்ராஸ் அக்கான்னு அவ பின்னாலதான் நிக்காவ. சாயங்காலம் என் மவளை நடக்கக் கூட்டிட்டுப் போறேன்னு கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவா. ரெண்டும் சிரிச்சுக்கிட்டே வரும். நான் வாசல்ல நிப்பேன், என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்மான்னுரும் என் மவ.

இன்னைக்குக் காலையில நர்ஸ் வந்து, கூட ஒரு ஆளுதான் வரலாம், யாரு வாறியன்னு கேட்டுச்சு. நான் எந்திரிச்சுட்டேன். என் மவ அந்த வலியிலயும் கண்ண முழிச்சு, "அத்தை வரட்டும். அம்மா, நீ வேண்டாம், நீ டாக்டர்கிட்ட சண்டை போடுவ"ங்கா. நான் எதுக்குச் சண்டை போடப் போறேன்? அந்த டாக்டரம்மா வந்ததும் வராததுமா என்னையத் தள்ளி நில்லுங்கன்னுச்சு, அதுக்கு ஒரு நாலு வார்த்த கேட்டேன். அது வேற விசயம். ஊரக் காட்டப் போயி, ஊரையும் குடுத்து மவளையும் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்.

இருக்கட்டும். பொறக்கப் போறது தூத்துக்குடியில. அத எவளும் மாத்த முடியாது. பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வரட்டும், அவ முகத்துக்கு நேரச் சொல்லணும்னு ஒண்ணு வச்சிருக்கேன். 'ஊரு ஊருன்னு கேவலமாப் பேசினியளே மைனி, இந்தா, உங்க ரத்தம் இந்த ஊருப் பிள்ளை. காலத்துக்கும் எழுதுங்க.' எப்படி இருக்கு? ராவெல்லாம் சொல்லிப் பாத்துவச்சது.

இருங்க, கதவு தொறக்குது. அவதான். கையில துணி சுத்தி… தங்கச்சி, இந்தப் பையப் பாத்துக்கிடுங்க.

*

இன்னும் இங்கனதான் இருக்கியளா. பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ, முருகா. மூக்கு அப்படியே எங்கப்பா மூக்கு.

அவ கண்ணுலேர்ந்து தண்ணி தாரை தாரையா ஊத்துது. பிள்ளைய முதல்ல என் கையிலதான் குடுத்தா, அதையும் சொல்லணும்ல. குடுத்துட்டு, "உங்க ஊர்ல பொறந்துட்டா பாருங்க அண்ணி"ன்னா. இதுக்குத்தானே நான் இத்தன நாளாக் காத்துக்கிடந்தேன். வாயத் திறக்கேன். என்ன வருதுன்னு நினைக்கிய?

"என்னத்த ஊரு மைனி, உப்பும் வெயிலும்தான்"னு வருது.

பழகின வாயி. அவ அப்படி அழுதுக்கிட்டு நிக்கும்போது நாம தணிஞ்சு ஒரு வார்த்த சொல்லணும்ல, மரியாதைக்கு. அவ முகம் மாறிட்டு. கண்ணத் துடைச்சா. என் கையில இருந்த பிள்ளைய வாங்கி மார்போட அணைச்சுக்கிட்டா. "பாப்பா பொறந்த ஊரைப் பத்தி இனிமே அப்படிப் பேசாதீங்க அண்ணி. அவ காதுல விழுது"ங்கா. நர்சுமாரெல்லாம் பாத்துக்கிட்டு நிக்காவ. உள்ளேர்ந்து என் மவ, "நல்லாச் சொல்லுங்க அத்தை"ங்கா.

கேட்டியளா தங்கச்சி. நான் பொறந்த ஊரு. எங்கப்பா உப்பு வாருன ஊரு. அதப் பேசாதன்னு எனக்கே சொல்லுதா. நல்லா இருக்கட்டும். மனசுல வச்சுக்கிட்டேன்.

பிள்ளைக்கு முப்பது நாள் கழியட்டும். மெட்ராஸ்ல கொண்டு விடுததுக்கு நான்தான் போவேன். போயி உடனே திரும்ப மாட்டேன். அந்த மூணாவது மாடியிலேர்ந்து அவ ஊர அவ என்னைக்காவது இறங்கிப் பாத்திருப்பான்னு நினைக்கிய? நான் பாக்கப் போறேன். அங்கயும் கடல் இருக்கு, சூரியன் எழும்பத்தான் செய்யும். மூலை முடுக்கு விடாம சுத்திப் பாத்துட்டு வந்து, உங்க ஊர்ல இது இருக்கு மைனி, அது இருக்கு மைனின்னு அவளுக்கே சொல்லப் போறேன். அவ ஊர நான் எடுத்துக்கிடாம விட மாட்டேன். கில்பட்டு மாதிரி ஒரு ஆட்டோக்காரன் அங்க இல்லாமலா போயிருவான்.